பனிக்கால மலைமுகடு: புத்தளக் கரையும் சிவனொளிபாதமும்

தமிழிலே பனி என்னும் சொல் பல பொருள் குறித்து வழங்குவது. விடியற்காலையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. வழியை மறைத்துப் புகைபோலக் கிடக்கும் மூட்டமும் பனி. இமயத்தின் முடியில் வெள்ளையாய்க் குவிந்து கிடப்பதும் பனி. வேறுபடுத்திக் கூற விரும்புவோர் மூடுபனி, உறைபனி, வெண்பனி என அடைகொடுத்து வழங்குவர். பேச்சுவழக்கோ ஒரு சொல்லையே எல்லாவற்றிற்கும் ஆளும். இவையன்றி வேறொரு பொருளும் அதற்கு உண்டு. பனித்தல் என்றால் நடுங்குதல். குளிரால் உடல் நடுங்குவதையும் அச்சத்தால் உள்ளம் நடுங்குவதையும் பழந்தமிழர் அவ்வினைச்சொல்லாற் குறித்தனர். மலைமுகட்டின் குளிர்காலத்தை ஆராய்பவர்க்கு இப்பொருளே மிகவும் பயன்படுவது. முகட்டிலே மனிதனுக்கு நேரும் இடர் அங்கு வெண்பனி கிடக்கின்றதா இல்லையா என்பதை மட்டும் பொறுத்ததன்று; உடல் பனிக்கத் தொடங்கும் நிலை எப்பொழுது வருகின்றது என்பதைப் பொறுத்தது. வெண்பனி பெய்யாத இலங்கைத் தீவிலும் அந்நிலை வருதல் கூடும்.

கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள பள்ளிவாசல்துறை முதலிய கரையோரக் கிராமத்தவர்க்குப் பனி என்பது மார்கழி தை மாதங்களின் வைகறைப் பனியே. ஒருபுறம் இந்துமாகடல், மறுபுறம் புத்தளக் கடனீரேரி, இடையே கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் மட்டும் உயர்ந்த மணல்நிலம். வாடைக்காற்று வீசும் அம்மாதங்களிற்கூட நள்ளிரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குதல் அரிது. தோணி தள்ளப் போகும் மீனவர் தோளில் ஒரு துவாயைப் போர்த்துக்கொண்டால் அவர்க்குக் குளிர் போயிற்று. இத்தகைய வெப்பக் கரையிலிருந்து புறப்படும் ஒருவர், அதே மாதத்தில், ஒரே நாளில், 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் உச்சியில் நள்ளிரவு கழிந்த வேளையில் நிற்கின்றார். அவருடைய உடல் அவ்வளவு விரைவில் நாடு மாறி அறியாதது. இவ்வொரு நாட் பயணமே இக்கட்டுரையின் பொருள்.

புத்தளக் கரைக்கும் அம்மலைக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. கி.பி. 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து கப்பலேறிய மொறோக்கோ நாட்டவரான இபுன் பதூதா இத்தீவில் முதலில் அடைந்த துறையைப் பத்தாலா என்று குறிப்பிடுகின்றார். அது புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. அங்கே அப்பொழுது தங்கியிருந்த யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அவரை உபசரித்து, வேண்டுவது யாது என வினவ, பாவா ஆதத்தின் பாதச்சுவட்டைக் காண்பதே தம் வேட்கை என்றார் அவர். மன்னன் ஒரு பல்லக்கையும், ஆண்டுதோறும் மலையேறும் வழக்கமுடைய நான்கு யோகியரையும், மூன்று பிராமணரையும், அரண்மனைப் பரிவாரத்தார் பதின்மரையும், உணவுப்பொருள் சுமப்பதற்குப் பதினைவரையும் உடனனுப்பினான். சைவ மன்னனொருவன் முஸ்லிம் யாத்திரிகரைப் பௌத்தர் வாழும் நாட்டின் வழியாக ஒரு மலைக்கு வழியனுப்பியமை வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது. மலையேற்றம் பற்றி ஆராய்வோர் சிந்தித்தற்குரியது வேறு: விருந்தாளியாகிய ஒருவருக்குத் துணையாக முப்பத்திருவர் அனுப்பப்பட்டனர், அவருள் நால்வர் அம்மலையை ஆண்டுதோறும் கண்டவர். வழியறிந்தாரும் உணவும் இன்றி அம்மலைக்குப் போதல் தகாது என்பதை அக்காலத்தார் நன்கறிந்திருந்தனர்.

அம்மலையைத் தாம் கடலில் ஒன்பது நாட் பயணத் தொலைவிலிருந்தே கண்டதாக இபுன் பதூதா எழுதியுள்ளார். இது பொருந்துமா என்பதைக் கணிதம் தெளிவாகச் சொல்லும். புவியின் வளைவை நோக்குமிடத்து, 2,243 மீற்றர் உயரமுள்ள முடி கடல்மட்டத்தில் நிற்பவனுக்கு ஏறத்தாழ 169 கிலோமீற்றர் வரையுமே தெரிதல் கூடும். வளிமண்டலத்தில் ஒளிக்கதிர் சற்றே வளைவதைச் சேர்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் கூடலாம். ஒன்பது நாட் பயணம் இவ்வெல்லைக்கு மிகவும் அப்பாற்பட்டது; ஒன்பதாம் நாளில் மலை தெரிந்தது என்பதே நிகழ்ந்ததாதல் வேண்டும். பள்ளிவாசல்துறைக்கும் சிவனொளிபாதத்திற்கும் இடையேயுள்ள வான்வழித் தூரம் 170 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே கணக்கின்படி அம்முடி அக்கரையின் தொடுவானத்தில் ஒரு மயிரிழை அளவே நிற்கின்றது. இடைநிலமும் ஈரவளியும் அதனையும் மறைத்துவிடும்.

இனி, மலையேறும் பருவத்தை ஆராய்வாம். சிவனொளிபாத யாத்திரைப் பருவம் டிசெம்பர் மாதப் பூரணையில் தொடங்கி மே மாதத்து வைகாசிப் பூரணையில் முடிவது. தமிழர் வகுத்த பெரும்பொழுதுகளோடு இதனை ஒப்புநோக்கின் ஒரு பொருத்தம் புலனாகும். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். எனவே யாத்திரைப் பருவம் இருவகைப் பனிக்காலத்தையும் இளவேனிலின் பெரும்பகுதியையும் உள்ளடக்கியது. உலகின் பெரும்பாலான உயர்மலைகளில் மனிதர் விலகி நிற்கும் மாதங்களிலேதான் இம்மலைக்கு மக்கள் திரண்டு போகின்றனர்.

இதற்குக் காரணம் பருவக்காற்றுகளின் போக்கு. சிவனொளிபாதம் மத்திய மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில் நிற்பது. மே மாத இறுதி தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து அள்ளிவரும் ஈரம் முழுவதையும் முதன்முதல் ஏற்கும் சுவர் அதுவே. அம்மலைத்தொடரின் மேற்குச் சரிவுகளில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட மழை பொழியும் இடங்கள் உள. களனி கங்கையும் களு கங்கையும் பெருகுவது இம்மழையினாலேயே. அக்காலத்தில் படிகள் ஓடைகளாகும். முகட்டில் நிற்கமுடியாத அளவு காற்று வீசும். டிசெம்பர் முதல் வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்குகையில் நிலைமை தலைகீழாகும். அக்காற்றின் ஈரத்தைக் கிழக்குச் சரிவுகளும் இடையிலுள்ள மலைத்தொடர்களும் வாங்கிக்கொள்ள, சிவனொளிபாதம் காற்றொதுக்குப் பக்கத்தில் அமைந்துவிடுகின்றது. மழை குறைந்து வானம் தெளிகின்றது. சமய மரபு பூரணைகளைக் கொண்டு வரையறுத்த பருவமும் வானிலை நூல் வரையறுக்கும் பருவமும் ஏறக்குறைய ஒன்றே. எத்தனையோ தலைமுறையினர் மலையிற் கற்றறிந்ததை நாட்காட்டியாக்கி வைத்தனர் எனலாம்.

இபுன் பதூதா மலைவழியின் அட்டைகளைப் பற்றி விரிவாகக் கூறுகின்றார். மரங்களிலும் நீரோரப் புல்லிலும் இருந்து மனிதர்மேல் அவை தாவுவதையும், அதற்கென எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து பிழிவதையும் சொல்கின்றார். வறண்ட தை மாசியில் ஏறுவோர்க்கு அட்டை அவ்வளவு தொல்லை தருவதில்லை. அவர் ஏறியது ஈரம் மிகுந்த வேளையாதல் கூடும் என எண்ண இச்சிறு செய்தி இடந்தருகின்றது.

இலங்கை மலைகளில் வெண்பனி ஏன் பெய்வதில்லை என்பது மாணவர் பலர் கேட்கும் வினா. உயரஞ் செல்லச் செல்ல வளி குளிர்வது எல்லாரும் அறிந்ததே. சராசரியாக 1,000 மீற்றருக்கு 6.5 பாகை செல்சியசு வீதம் வெப்பநிலை குறையும். இதனைப் புவியியலார் நழுவுவீதம் என்பர். புத்தளக் கரையில் 27 பாகையாயின் சிவனொளிபாத முடியில் ஏறத்தாழ 12 அல்லது 13 பாகை எனக் கணக்கிடலாம். இது பகலும் இரவும் சேர்ந்த சராசரி. பருவகாலத்து இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்குதல் இயல்பு. நீர் உறையும் 0 பாகையை அடைய வேண்டுமாயின் இவ்வீதத்தின்படி 4,000 மீற்றருக்கு மேலே ஏறவேண்டும். அயனமண்டல நாடுகளில் உறைநிலை மட்டம் மெய்யாக நிற்பது 4,500 முதல் 5,000 மீற்றர் உயரத்தில். இலங்கையின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுருதலாகலையோ 2,524 மீற்றரே. முகிலிலிருந்து விழும் பனித்துகள் இத்தீவின் எந்த முடியையும் தொடுமுன் உருகி மழையாகிவிடும்.

எனினும் நுவரெலியாவில் சில ஆண்டுகளில் தை மாசி மாதங்களின் விடியலில் புல்வெளி வெண்மையாகக் காட்சியளிப்பதுண்டு. தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகிப் போவதுமுண்டு. அது வானிலிருந்து பெய்ததன்று; நிலத்தில் உண்டான உறைபனி. முகிலும் காற்றும் இல்லாத வறண்ட இரவில் நிலம் தன் வெப்பத்தைக் கதிர்வீசலால் வானுக்கு இழக்கின்றது. நிலத்தையொட்டிய வளி குளிர்ந்து கனத்துச் சரிவுகளில் நீர்போல வழிந்து பள்ளங்களில் தேங்குகின்றது. மனிதனின் தலையுயரத்தில் வெப்பமானி 3 அல்லது 4 பாகை காட்டும்போதே புல்லின் மேல் 0 பாகைக்குக் கீழாதல் கூடும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். சிவனொளிபாதத்தை விட 375 மீற்றர் தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் உறைபனி படிய, உயர்ந்த முகட்டில் அது படிதல் அரிதாயிருப்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். முகட்டிற் குளிர்வளி தேங்க இடமில்லை. அது கீழே வழிந்துவிடும். அங்கு வீசும் காற்று வளியை ஓயாது கலக்கிக்கொண்டும் இருக்கும். எனவே முகடு வெப்பமானிக்குச் சற்று வெப்பமானது. ஆனால் அங்கு நிற்கும் மனிதனுக்கு அது பள்ளத்தினும் குளிரானது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் மலைக்குளிரின் இயல்பு விளங்கிவிடும். அதற்குமுன் வெண்பனி மலையொன்றை நோக்குதல் பயன்தரும்.

தேவாரப் பதிகம் பெற்ற வடநாட்டுத் தலங்களுள் ஒன்றாகிய திருக்கேதாரம் இமயத்தில் 3,583 மீற்றர் உயரத்திலுள்ளது. சிவனொளிபாதத்தில் யாத்திரை தொடங்குவதற்குச் சில வாரங்களின் முன்னரே அங்கு யாத்திரை முடிந்துவிடும். தீபாவளியை அடுத்த நாட்களிற் கோயிற் கதவு சாத்தப்பட, உற்சவமூர்த்தி கீழேயுள்ள ஊகிமடத்திற்கு எழுந்தருளுவார். குளிர்காலப் பூசை அங்கேயே நிகழும். சித்திரை வைகாசியளவிற் பனி விலகியபின் மீண்டும் கதவு திறக்கும். ஒரே பனிக்காலம் வடக்கே ஒரு சிவதலத்தை மூடுகின்றது. தெற்கே ஒரு மலையைத் திறந்துவிடுகின்றது. ஞானசம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்தைக் காளத்தியிலிருந்தே பாடினர் என்பது மரபு. நடந்தே கயிலை செல்லத் துணிந்த திருநாவுக்கரசரைப் பற்றிச் சேக்கிழார் கூறும் செய்தியோ சமவெளி மனிதனொருவனின் மலைப்பயணத்தை ஒளிவுமறைவின்றிக் காட்டுவது. பாதம் தேய்ந்தபின் கையால் தாவியும், கை சிதைந்தபின் மார்பால் ஊர்ந்தும், அதுவும் இயலாதபோது புரண்டும் சென்றார் அவர். அவரை மேற்செல்ல விடாது இறைவன் திருவையாற்றுக்குத் திருப்பியதை அருட்செயல் என்று கொண்டாடும் நாம், அவ்வுடலின் நிலையையும் நினைத்தல் தகும்.

வெண்பனி மூடிய முகட்டின் இடர்கள் தனித்தன்மை வாய்ந்தவை. மலைச்சரிவில் ஏறிவரும் காற்று முகட்டின் மேல் நெருக்குண்டு விரைவு மிகும். அது காற்றுமுகப் பக்கத்துப் பனியை வாரிச் சென்று காற்றொதுக்குப் பக்கத்திற் கொட்டுகின்றது. நாளடைவில் அப்பனி வீட்டுக்கூரையின் இறவாரம்போல முகட்டுக்கு வெளியே நீண்டு, கீழே தாங்கல் இன்றி நிற்கும். முகட்டின் உச்சிக்கோட்டில் நடப்பதாக நினைப்பவன் மெய்யாக நடப்பது அவ்விறவாரத்தின் மேல். அது முறியுமாயின் அவன் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்தே பிளந்துகொண்டு போகும். ஆதலால் அறிந்தவர் முகட்டின் உச்சிக்கோட்டை விட்டுக் காற்றுமுகப் பக்கமாகச் சற்று இறங்கியே நடப்பர். காற்று கொட்டிய பனி அடியிலுள்ள பழைய பனியோடு ஒட்டாமற் பலகைபோல் இறுகியிருப்பதுமுண்டு. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் அப்பலகை ஓராளின் மிதியால் வழுக்கிப் பெருஞ்சரிவாதல் கூடும். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் திருப்பிவிடுதலால் கறுப்புக் கண்ணாடி அணியாதவரின் கண் சில மணி நேரத்திற் புண்படும். அவ்வுயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்து அமுக்கத்தில் மூன்றிலிரண்டு பங்களவே ஆதலின், மூச்சும் தலைவலியும் வேறு தொல்லை.

இவற்றுள் எதுவும் சிவனொளிபாதத்தில் இல்லை. அதனாலேயே அங்குக் குளிரே இல்லை என்று கருதிப் பருத்திச் சட்டை ஒன்றோடு ஏறுவோர் பலர். இமயத்திலும் மக்களை மிகுதியாகக் கொன்றது எப்பொழுதும் சரிந்த பனியன்று. 1996 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கோடையின் நடுவே, காசுமீரத்தில் 3,888 மீற்றர் உயரத்திலுள்ள அமர்நாத் குகைக்குச் சென்ற யாத்திரிகரை எதிர்பாராத மழையும் பனிப்புயலும் வழியில் மறித்தன. 240 க்கு மேற்பட்டோர் இறந்தனர். சமவெளியிலிருந்து போதிய உடையின்றி வந்தவர் பலர். நனைந்த உடையோடு, காற்றில், களைத்த உடலோடு, தங்க இடமின்றி நின்றமையே அவர்க்கு இறுதியாயிற்று. ஈரம், காற்று, களைப்பு என்னும் மூன்றும் கூடினால் வெண்பனி வேண்டியதில்லை.

சிவனொளிபாதத்தின் ஏற்றம் இம்மூன்றையும் ஒருங்கே தரவல்லது. நல்லதண்ணியிலிருந்து ஏறும் அட்டன் வழி ஏழு கிலோமீற்றர் அளவினது. 5,000 க்கு மேற்பட்ட படிகளால் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தை ஏறவேண்டும். இரத்தினபுரிப் பக்கத்துப் பழைய வழிகள் இதனினும் நீண்டவை, செங்குத்தானவை. நள்ளிரவிற் புறப்பட்டு மூன்று முதல் ஐந்து மணிநேரம் ஏறுபவரின் சட்டை வியர்வையால் முற்றாக நனைந்துவிடும். ஏறும்வரை அவருக்குக் குளிர் தெரியாது. தசைகள் உண்டாக்கும் வெப்பம் அவரைக் காக்கும். உச்சியை அடைந்து கதிரவன் உதயத்திற்காக அமர்ந்தவுடன் அவ்வெப்பம் நின்றுபோகும். நீர் வளியைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக் கிடக்க, முகட்டுக் காற்று அதிலுள்ள நீரை ஆவியாக்கி மேலும் வெப்பத்தைக் கவரும். வெப்பநிலை 8 பாகையாக இருந்து காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் விரைவில் வீசுமாயின், வெற்றுத் தோலுக்கு அது 3 பாகைக் குளிராகவே தோன்றும். நனைந்தவர்க்கு இன்னும் கொடிது. இதனாலேயே பள்ளத்து உறைபனியினும் முகட்டின் காற்று அஞ்சத்தக்கது.

மனித உடலின் உள்வெப்பநிலை 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழே இறங்குவதை மருத்துவர் உடற்குளிர்வு நோயாகக் கொள்வர். முதலில் தோன்றுவது நடுக்கம். பழந்தமிழர் சொன்ன பனித்தல் இதுவே. நடுங்குதல் உடல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளச் செய்யும் முயற்சி. அதனை அடுத்துப் பேச்சுக் குழறும், கால் தடுமாறும், விரல்கள் பொத்தானைப் போடவும் மாட்டா. பின்னர் 32 பாகையளவில் நடுக்கம் நின்றுவிடும். அருகிலிருப்போர் குளிர் விட்டது என்று எண்ணுவது அப்போதுதான். உடல் தன் முயற்சியைக் கைவிட்ட நிலை அது. உச்சியில் மூலையொன்றிற் சுருண்டு ஒன்றும் பேசாது உறங்கத் தொடங்கும் முதியவரையோ குழந்தையையோ, களைப்பினால் உறங்குகின்றார் என்று விட்டுவிடுதல் பெரும்பிழை. நனைந்த உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலையும் சேர்த்துப் போர்த்தி, காற்றுக்கு மறைவான இடத்தில் வைத்து, நினைவுள்ளவராயின் இனித்த சூடான தேநீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். கை கால்களைத் தேய்த்துவிடுவது வழக்கமாயினும் தீது. அங்குள்ள குளிர்ந்த இரத்தத்தை அது இதயத்திற்கு விரட்டும். மதுவோ தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, சூடு வந்ததுபோலக் காட்டி, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றும்.

உச்சியை அடைந்தவுடன் மாற்றுவதற்கு உலர்ந்த சட்டை ஒன்றைப் பையில் கொண்டுபோதல் மேற்கூறிய இடர்களிற் பாதியைத் தீர்க்கும். இவ்வளவு எளிய செயலை வேகமாக ஏறும் இளைஞரே பெரும்பாலும் செய்வதில்லை. முதலில் ஓடி ஏறி நான்கு மணிக்கே உச்சியை அடைந்து, ஆறு மணிக்கு மேல் தோன்றும் கதிரவனுக்காக நனைந்தபடி இரண்டு மணிநேரம் காத்திருப்பவர் அவர்தாம்.

முற்காலத்தில் யாத்திரைக் குழுவுக்கு ஒரு தலைவர் இருந்தார். சிங்களத்தில் அவரை நடே குரா என்பர். பலமுறை மலையேறிய மூத்தவரே அப்பொறுப்புக்கு உரியவர். அவர் சொல்லை மீறி எவரும் முன்னே ஓடுவதில்லை. குழு முழுவதும் முதியவரின் நடைக்கு ஏற்பவே சென்றது. வியர்வை மிகாது ஏறுவதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை. சீத கங்குல என்னும் ஓடையில் யாத்திரிகர் நீராடி உடைமாற்றுவதும் பழைய மரபு. குளிர்ந்த ஓடை என்பதே அப்பெயரின் பொருள். ஏற்றத்தின் இடையில், உடல் சூடாயிருக்கும்போது நீராடி, உலர்ந்த வெள்ளுடை புனைந்து மேலே செல்லுதலுக்கும், உச்சியில் நனைந்த உடையோடு குந்தியிருத்தலுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. வழியில் உணவு கிடைக்கச் செய்தலும் அரசர் கடமையாகக் கருதப்பட்டது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விசயபாகு (1055–1110) இம்மலைவழியில் இன்னலுறும் யாத்திரிகருக்கு உணவளித்தற்காகக் கிலிமலை என்னும் ஊரை மானியமாக்கினான் என்பது சூளவம்சம் தரும் செய்தி. இன்று அட்டன் வழியில் பருவகாலம் முழுவதும் மின்விளக்கும் தேநீர்க்கடையும் உண்டு. இவ்வுயரத்தில் நீர் 93 பாகையளவிலேயே கொதித்துவிடுதலாற் தேயிலை சற்று மந்தமாகவே சாயம் விடும். எனினும் அத்தேநீரைக் குறைகூறுவோர் இலர். பருவம் முடிந்தபின் விளக்குகள் அணைந்து கடைகள் கட்டப்படும். அக்காலத்திற் செல்பவர் 1344 ஆம் ஆண்டிற் சென்றவரினும் துணையற்றவர். அவருக்காவது நான்கு யோகியர் இருந்தனர்.

மேலே செல்லச் செல்ல மரங்கள் குறுகுவதைப் பகலில் இறங்குவோர் காணலாம். காற்றும் முகிலும் ஓயாது உராய்வதால் அடிமரம் முறுகி, கிளைகளிற் பாசி தொங்க, ஆளுயரத்திலேயே கிழமரங்கள் நிற்கின்றன. அவற்றிடையே செந்நிறமாகப் பூக்கும் மலைப்பூவரசு ஒன்றுண்டு. நீலகிரியிலும் இமயத்திலும் வளரும் இனமே அது. இமயத்தில் அதே இனம் வெண்பனியைச் சுமந்து நிற்கும். இங்கு முகில்நீரைச் சுமக்கின்றது. இக்காடு அடங்கிய இலங்கையின் மத்திய மலைநாடு 2010 ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

இரவில் ஏறுவது வெயிலுக்கு அஞ்சி மட்டும் ஏற்பட்ட வழக்கமன்று. பகலிற் பள்ளத்தாக்கு சூடாகி, ஈரவளி சரிவுவழியே மேலேறி, ஒன்பது பத்து மணியளவில் உச்சியை முகிலாக மூடிவிடும். இரவில் வளி கீழே வழிவதனால் முகிலும் தாழ்ந்து பள்ளத்தாக்குகளிற் படியும். அதன்மேல் வெப்பநிலை நேர்மாறலாகிய மூடியொன்று அமைய, முகில் மேலெழமாட்டாது. எனவே வைகறையில் உச்சியில் நிற்பவர் தெளிந்த வானத்தின் கீழ், பஞ்சுக் கடல்போற் பரந்த முகிலைக் காலடியிற் காண்கின்றார். தமக்குக் கீழே முகிலைக் கண்டதாக இபுன் பதூதாவும் எழுதியுள்ளார். கதிரவன் எழுந்தவுடன் மேற்கே மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக விழும். மலையின் வடிவமே முக்கோணமாதலால் நிழலும் அவ்வாறாயிற்று என்பர் பலர், உண்மை அதுவன்று. பல கிலோமீற்றர் நீளமுள்ள நிழலின் இரு விளிம்புகளும், தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல, நோக்குபவனின் கண்ணுக்குக் குவிந்து தோன்றுகின்றன. உச்சியில் நின்று பார்க்க, வேறு வடிவமுள்ள மலையின் நிழலும் முக்கோணமாகவே தெரியும். சில வேளைகளில் அந்நிழல் நிலத்தில் கிடவாது எதிரே எழுந்து நிற்பதாகத் தோன்றுவது, இடையிலுள்ள மூடுபனியின் மேல் அது விழுவதால். பிரித்தானிய வானிலை அறிஞரான இரால்பு ஏபர்குரொம்பி 1880 களில் இம்மலையில் இதனை நேரிற் கண்டு இவ்வாறே விளக்கினார்.

நிழல் குறுகும்போது மக்கள் இறங்கத் தொடங்குவர். ஏற்றத்தில் மூச்சு வருந்தியது. இறக்கத்தில் முழங்கால் வருந்தும். பனிநீர் படிந்த கற்படி விடியலில் வழுக்கும். இரவெல்லாம் விழித்த கால்கள் படியின் விளிம்பைத் தவறவிடுவது இவ்வேளையிலேதான். செங்குத்தான பகுதிகளிற் பற்றிக்கொள்ள இன்று கைபிடிக் கம்பிகள் உள. முன்னாளில் இரும்புச் சங்கிலிகள் இருந்தன. மார்க்கோ போலோ அவற்றைக் குறிப்பிட்டுள்ளார். இபுன் பதூதா அவற்றைப் பத்து என எண்ணி, பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி எனப் பெயரிருந்ததாகவும், அவ்விடத்தை அடைந்து கீழே நோக்குபவர் விழுந்துவிடுவோமோ என அஞ்சிக் கலிமாவை ஓதுவதாற் அப்பெயர் வந்ததாகவும் கூறியுள்ளார். மலைக்கு இரு வழிகள் உண்டென்றும், பாவா வழி கடினமானது, மாமா வழி எளியது என்றும், எளிய வழியால் ஏறியவரை ஏறியவராகவே மக்கள் மதிப்பதில்லை என்றும் அவர் எழுதினார். அவர் ஏறியது பாவா வழியால். இறங்கியது மாமா வழியால். பின்னர்த் தெவிநுவர, காலி, கொழும்பு எனக் கரையோரமாகச் சுற்றி மீண்டும் புத்தளத்தை அடைந்தார். அங்கே அவர் விட்டுச்சென்ற கப்பல் காத்திருந்தது. அதிலேறிப் பாண்டிநாட்டுக் கரையை நோக்கிப் புறப்பட்டார்.